ரத்தப் போக்கு நின்னுருச்சு, மெசலமினை விட்டுட்டு ப்ரோபயாட்டிக் மட்டும் குடுக்கலாமா? தெரிஞ்சவங்க சொல்லுங்க

வேலந்தாவளம்_மாமன்

எல்லாருக்கும் வணக்கம்ங்க. எங்க ஊரு வேலந்தாவளம், செக்போஸ்ட்டுக்கு இந்தப் பக்கம் கேரளா, ஆஸ்பத்திரின்னா கோயமுத்தூர்தான் போவோம். என்ற தங்கச்சி பையன் காலேஜ் போறவன், ரத்தமா போகுதுன்னு வெக்கப்பட்டுட்டு யார்கிட்டயும் சொல்லாமயே இருந்திருக்கான், ஆளு இளைச்சு கண்ணு உள்ள போனதுக்கப்புறந்தான் வீட்டுல தெரிஞ்சுது. கொலனோஸ்கோப்பி பண்ணி அல்சரேட்டிவ் கொலைட்டிஸ்னு சொன்னாங்க, பெருங்குடல் இடது பக்கம் பூராவும் புண்ணு. மெசலமின் மாத்திரையும் ராத்திரி பின்வழியா ஏத்தற எனிமாவும் எழுதிக் குடுத்தாங்க, இப்ப ரத்தம் நின்னுருக்குது, நாலு வாய் நல்லா சாப்பிடறான்.

இனிமேத்தான் பிரச்சனையே. சொந்தத்துல ஒருத்தர் வந்து, இங்கிலீஷ் மருந்து வருசக்கணக்குல தின்னா கிட்னி போயிரும், நல்ல பாக்டீரியா கேப்ஸ்யூல், அதான் ப்ரோபயாட்டிக், இருக்குது, அதையும் பழைய சோத்துத் தண்ணியையும் குடுங்க, குடல் தானா ஆறிரும்னு சொல்லிட்டுப் போயிட்டாரு. தங்கச்சி அதைக் கேட்டுட்டு மாத்திரைய நிறுத்தலாங்கறா. எனக்கு மனசு ஒப்பலீங்க. டாக்டர்கிட்ட கேட்டா ரெண்டு நிமிசத்துல அடுத்த ஆள கூப்பிட்டுடறாரு. இது நிசமா வேலை செய்யுதா, இல்ல யாவாரமா?

நகரி_பாலு

அண்ணா நான் ஆந்திரா பார்டர், நகரி. எனக்கு இருக்கறது க்ரோன்ஸ், அதுவும் குடல் வீங்கற நோய்தான், ஆனா உங்க பையனோடது வேற, என்னோடது சிறுகுடல் கடைசில. மொதல்ல டிபியா இருக்கும்னு அதுக்கு மாத்திரை குடுத்தாங்க, சரியாகல, அப்புறம் வேலூர் போய் பயாப்ஸி எல்லாம் எடுத்துதான் க்ரோன்ஸ்னு முடிவாச்சு. நம்ம நாட்டுல குடல் டிபியும் க்ரோன்ஸும் பாக்க ஒரே மாதிரி இருக்கும்னு அங்க டாக்டர் பொறுமையா படம் போட்டு சொன்னார். ப்ரோபயாட்டிக் நானும் ரொம்ப நாள் சாப்ட்டேன், ஈஸ்ட் வகை ஒண்ணு, கேப்ஸ்யூல் ஒண்ணு. எனக்கு ஒரு வித்தியாசமும் தெரியல. வலி வரும்போது வந்துச்சு, போகும்போது போச்சு. யூசிக்கு, அதான் அல்சரேட்டிவ் கொலைட்டிஸுக்கு, எப்படின்னு எனக்குத் தெரியாது, விவரம் தெரிஞ்சவங்க சொல்லட்டும்.

கொழிஞ்சாம்பாறை_சிஸ்டர்

மாமா, மொதல்ல ஒண்ணு, அந்த மெசலமினை நிறுத்த விடாதீங்க, உங்க தங்கச்சி கையப் புடிச்சாவது சொல்லுங்க. நான் எண்டோஸ்கோப்பி ரூம்ல வேலை பாக்கறவ. ரத்தம் நின்ன உடனே மருந்த விட்டுட்டு மறுபடி ரத்தத்தோட வர்ற சின்னப் பசங்கள பாக்கறப்ப அப்படியே வயிறு எரியும்ங்க. நல்லா இருக்கற பெருங்குடலுக்குள்ள கேமரா போச்சுன்னா உள்தோல் பளபளன்னு இருக்கும், மெல்லிசா ரத்தக் குழாய் கிளைகிளையா ஓடறது தெரியும். கொலைட்டிஸ் கிளம்பியிருந்தா அந்தக் குழாய் ஒண்ணுகூடத் தெரியாது, செக்கச்செவேல்னு வீங்கிப் போய் ஸ்கோப் லேசா உரசினாலே ரத்தம் கசியும். மோஷன் சரியாயிருச்சுன்னு வெளிய தெரியற அன்னைக்கும் பல பேருக்கு உள்ள இந்தச் செவப்பு மிச்சம் இருக்கும், அது ஆறுறதுக்குத்தான் மருந்து தொடர்ந்து போறது.

கிட்னி விசயம் முழுப் பொய்யில்லீங்க, மெசலமினால கிட்னி கெடறது அபூர்வமா நடக்கும், அதுக்காகத்தான் அப்பப்ப கிரியேட்டினின் டெஸ்ட் எடுக்கச் சொல்றது. டெஸ்ட் எடுத்துப் பாத்துட்டு மருந்தத் தொடரலாம், பயத்துல நிறுத்தறதுக்கு அது காரணமாகாது.

இப்ப ப்ரோபயாட்டிக். நம்ம குடல் கிருமிக்கும் இந்த நோய்க்கும் சம்பந்தம் இருக்குதுங்கறது நிசம். இந்த நோய் இருக்கறவங்க குடல்ல வகைவகையான கிருமி இருக்கறது கொறஞ்சு போகுது, பியூட்டிரேட் தயார் பண்ற ஃபீகாலிபாக்டீரியம் மாதிரி சில நல்லதும் கொறையுது. பெருங்குடல் உள்தோல் செல்லுக்கு முக்கியமான சாப்பாடே அந்த பியூட்டிரேட்தான், நாம திங்கற நார்ச்சத்த அந்தக் கிருமிங்க புளிக்க வெச்சு அதைக் குடுக்குது. அதனால நல்ல கிருமிய வெளிய இருந்து குடுத்தா என்னன்னு யோசிச்சது நியாயமான யோசனைதான், அதை நான் ஏமாத்துன்னு சொல்லவே மாட்டேன்.

ஆனா ப்ரோபயாட்டிக்குன்னா ஒரே பொருள் இல்லீங்க. நெல்லுன்னு ஒரே பேருதான், மட்டையும் பொன்னியும் ஒண்ணாகுமா? எந்தக் கிருமி, அதுல எந்த ரகம், எத்தன கோடி, எந்த நோய்க்கு, நோயி எந்தக் கட்டத்துல, இத்தனையும் சேத்துக் கேட்டாத்தான் பதில் வரும். நோய்க்கு நோய் பதில் வேற, அதைத்தான் கீழ ஒவ்வொண்ணா எழுதறேன், டூட்டி முடிஞ்சு வந்து மிச்சத்த எழுதறேன்.

கொழிஞ்சாம்பாறை_சிஸ்டர்

வந்துட்டேன். உங்க பையனுக்கு இருக்கற அல்சரேட்டிவ் கொலைட்டிஸ்ல கொஞ்சம் கனமான ஆதாரம் இருக்கறது ரெண்டுக்குத்தான்.

ஒண்ணு ஈ. கோலை நிஸ்லி 1917. ஈ. கோலைன்னதும் பயப்படாதீங்க, அதுல நோய் குடுக்காத ரகமும் இருக்கு. முதல் உலகப் போர் சமயத்துல கூட இருந்த சிப்பாய்ங்களுக்கெல்லாம் சீதபேதி வந்து ஒருத்தருக்கு மட்டும் வரல, ஜெர்மனில ஆல்ஃப்ரெட் நிஸ்லிங்கற டாக்டர் அந்தச் சிப்பாயோட மலத்துல இருந்து இந்தக் கிருமிய பிரிச்சு எடுத்தாரு, அந்த வருசம்தான் பேருல இருக்கற 1917. 2004ல வந்த ஒரு பெரிய ஆராய்ச்சில, நோய் அடங்கி இருந்த 327 பேர ரெண்டாப் பிரிச்சு பாதிப் பேருக்கு இந்தக் கிருமி, பாதிப் பேருக்கு தினம் 1500 மில்லிகிராம் மெசலமின்னு 12 மாசம் குடுத்துப் பாத்தாங்க. கிருமி எடுத்தவங்கள்ல 36.4 சதவீதம் பேருக்கும் மெசலமின் எடுத்தவங்கள்ல 33.9 சதவீதம் பேருக்கும் நோய் திரும்ப வந்துச்சு, ஏறக்குறைய சமம். கவனிங்க, இது அடங்கின நோய அடங்கியே வெச்சிருக்கறதுக்கு, அதுவும் அந்த ஒரே ஒரு ரகத்துக்கு. மெசலமின் ஒத்துக்காதவங்களுக்கு டாக்டர் யோசிக்கலாம். மெடிக்கல் ஷாப்புல வேற ஏதோ கேப்ஸ்யூல வாங்கிட்டு இந்த ரிசல்ட்ட அதுக்கு ஒட்ட வெக்க முடியாது.

ரெண்டாவது எட்டு ரகக் கிருமி சேந்த விஎஸ்எல் 3ங்கற கலவை. இதுல நம்ம நாட்டு ஆராய்ச்சியே இருக்குங்க, லூதியானா டாக்டர்ங்க முன்ன நின்னு பல ஊர் ஆஸ்பத்திரிகள்ல சேந்து பண்ணி 2009ல வந்துச்சு. மிதமான கொலைட்டிஸ் இருக்கற 147 பேர், 12 வாரம். கடைசில நோய் அடங்கினது கலவை எடுத்தவங்கள்ல 42.9 சதவீதம், போலி மருந்து, அதாவது ஒப்பிட்டுப் பாக்கறதுக்காக மருந்தே கலக்காம குடுக்கறது, எடுத்தவங்கள்ல 15.7 சதவீதம். நல்ல வித்தியாசம்தானே? ஆனா அளவப் பாருங்க, ஒரு வேளைக்கு 3.6 லட்சம் கோடி கிருமி, தினம் ரெண்டு வேளை. கடைல சாதாரணமா கெடைக்கற கேப்ஸ்யூல்ல பலதுல 5 பில்லியன், அதாவது 500 கோடி. கணக்குப் போட்டுப் பாருங்க, அந்த ஒரு வேளை அளவுக்கு 720 கேப்ஸ்யூல் முழுங்கணும்! இதைச் சொல்லாம "ஆராய்ச்சில நிரூபிச்சது"ன்னு அட்டைல போட்டு விக்கறது எனக்கு சுத்தமாப் புடிக்கல, நோயாளி வீட்டுக் காசு போகுதேன்னு இருக்கு.

இன்னொண்ணு, அந்தக் கலவையப் பத்தி கம்பெனிகளுக்குள்ள வழக்கு நடந்து, 2016க்கு மேல அமெரிக்காவுல அதே பேருல உள்ள இருக்கற சரக்கு மாறிப் போச்சு, பழைய கலவை வேற பேருல வருது. அதனால பேர மட்டும் பாத்து வாங்கக் கூடாது, டாக்டர் எந்த ரகம்னு எழுதறாரோ அதைக் கேளுங்க.

அமெரிக்க ஜீரண மண்டல டாக்டர்கள் சங்கம் 2020ல ஒரு வழிகாட்டுதல் போட்டாங்க. யூசிக்கும் க்ரோன்ஸுக்கும் ப்ரோபயாட்டிக்க ஆராய்ச்சிக்குள்ள மட்டும் குடுங்க, வெளிய பொதுவாக் குடுக்கற அளவுக்கு ஆதாரம் பத்தலன்னுதான் அதுல இருக்கு.

பாலு அண்ணா, நீங்க சொன்னது சரிதான். க்ரோன்ஸுக்கு உங்க ஈஸ்ட் வகை, சாக்கரோமைசிஸ் பொளார்டி, அதை ஃபிரான்ஸ்ல 165 பேர வெச்சு ஒரு வருசம் பாத்தாங்க, 2013ல வந்துச்சு, நோய் திரும்பறத அது தடுக்கல. லாக்டோபேசிலஸ் வகைகளும் க்ரோன்ஸ்ல கை குடுக்கல.

குழித்துறை_ஜெயா

சிஸ்டர் விட்ட ஒரு காரியம் நான் சொல்லுதேன், ஏன்னா அது எனக்க கதை. நாங்க களியக்காவிளை பக்கம், காட்டுனது எல்லாம் திருவனந்தபுரத்துல. எனக்கு கொலைட்டிஸ் எந்த மருந்துக்கும் அடங்காம பெருங்குடல எடுத்துட்டு சிறுகுடலிலயே பை மாதிரி தச்சு வச்சாங்க, பவுச்சுன்னு சொல்லுவாங்க. அந்தப் பையில அடிக்கடி வீக்கம் வரும், பவுச்சைட்டிஸ். அப்ப வயிறு கடுத்து ராத்திரி தூக்கமே கிடையாது, பிள்ளைய ஸ்கூலுக்கு விடவும் எழும்ப முடியாது. ஆன்டிபயாட்டிக் எடுத்தா போவும், நிறுத்துனா வரும். அப்புறம் டாக்டர் அந்த எட்டு ரகக் கலவைய எழுதித் தந்தார், பாக்கெட்டா வரும், தண்ணியில கலக்கிக் குடிக்கணும், சப்புன்னு ஒரு ருசி. எனக்கு அது நல்லாவே பிடிச்சுது. விலைதான் நெஞ்ச அடைக்கும், அது உள்ளது.

கொழிஞ்சாம்பாறை_சிஸ்டர்

ஜெயா அக்கா, நீங்க எழுதினது ரொம்ப உபகாரம். ப்ரோபயாட்டிக்குக்கு இந்தக் கூட்டத்துலயே உறுதியான இடம்னா அது பவுச்சைட்டிஸ்தான். இத்தாலில 2000ல ஒரு ஆராய்ச்சி, 40 பேர், எல்லாருக்கும் ஆன்டிபயாட்டிக்கால பவுச்சைட்டிஸ அடக்கிட்டு 20 பேருக்கு இந்தக் கலவை, 20 பேருக்கு போலி. ஒன்பது மாசத்துல கலவை எடுத்தவங்கள்ல 3 பேருக்குத்தான் திரும்பிச்சு, போலி எடுத்த 20 பேருக்குமே திரும்பிச்சு. சின்ன ஆராய்ச்சிதான், ஆனா அந்த 20க்கு 20 மறக்கவே முடியாது. நான் மேல சொன்ன 2020 வழிகாட்டுதல்லயும் பவுச்சைட்டிஸுக்கு மட்டும் இந்தக் கலவைய எடுக்கலாம்னு சொல்லிருக்காங்க.

சித்தூர்_தோப்புக்காரர்

நான் பாலக்காட்டுச் சித்தூர். நம்ம தோப்புல எறக்கற கள்ளு, அதுவும் காலைல எறக்கினது, அதுலயும் நல்ல பாக்டீரியாதானே இருக்குது? எங்க அப்பாரு காலத்துல வயித்துக்கு நல்லதுன்னு சொல்லுவாங்க. அப்புறம் பழைய சோறு, மோரு, இதெல்லாம் ப்ரோபயாட்டிக்தானே, எதுக்கு ஆயிரக்கணக்குல செலவு பண்ணி பாக்கெட்டு வாங்கணும்? பழைய சோத்த வெச்சு சென்னை ஸ்டான்லி ஆஸ்பத்திரியிலயே ஆராய்ச்சி பண்றாங்கன்னு பேப்பர்ல வந்துச்சே.

கொழிஞ்சாம்பாறை_சிஸ்டர்

அண்ணா, கள்ளுல ஈஸ்ட்டும் லாக்டிக் அமிலக் கிருமியும் இருக்குதுங்கறது உண்மை. ஆனா எறக்கின நேரத்துல இருந்தே ஆல்கஹால் ஏறிட்டே போகும், புண்ணு இருக்கற குடலுக்கு அது ஆகாது, எதிர்ப்புச் சக்திய அடக்கற இமுரான் மாதிரி மாத்திரை எடுக்கறவங்களுக்கு ஈரல் கெடற பயம் வேற இருக்கு. கொலைட்டிஸ்காரங்களுக்கு கள்ளு வேண்டவே வேண்டாம்.

பழைய சோத்துக்கு நான் எதிரி இல்லீங்க, எங்க வீட்டுல வெயில் காலம் பூரா காலைல பழங்கஞ்சியும் சின்ன வெங்காயமும்தான். ஸ்டான்லில ஆரம்பிச்சதும் நல்ல விசயம், நம்ம சாப்பாட்ட நம்ம ஆளுங்களே சோதிச்சுப் பாக்கணும், வேற யாரு வந்து பாப்பாங்க? சோத்த தண்ணி ஊத்தி ராத்திரி வெச்சா புளிக்கும், லாக்டிக் அமிலக் கிருமி பெருகும். ஆனா ஒவ்வொரு வீட்டுப் பானையிலயும் வளர்றது ஒவ்வொண்ணு, தண்ணி சுத்தமில்லன்னா வேண்டாததும் சேந்து வளரும். பையன் ஸ்டீராய்டோ எதிர்ப்புச் சக்திய அடக்கற மருந்தோ எடுத்தா கொதிச்சு ஆறின தண்ணிய ஊத்தச் சொல்லுங்க. நோய் அடங்கி இருக்கறப்ப பழைய சோறும் மோரும் ஒத்துக்கிட்டா தாராளமா சாப்பிடட்டும். பால் சேராதவங்களுக்குக்கூட மோரு பல பேருக்கு ஒத்துக்கும், தயிராகறப்ப லாக்டோஸ் கொறஞ்சிரும்ல. சாப்பாடா சாப்பிடட்டும், மெசலமினுக்குப் பதிலா மட்டும் வேண்டாம்.

குமுளி_மெடிக்கல்ஸ்

கடைக்காரன்கிற முறையில ஒரு வார்த்தை. அந்த பெரிய பாக்கெட்டு வகை எல்லாம் ஃபிரிட்ஜ் சரக்கு. எங்களுக்கு தெர்மகோல் பெட்டியில ஐஸ் ஜெல் வெச்சு வரும், பஸ்ல போட்டு விட்டா மதுரை வெயில்ல பெட்டி அஞ்சு மணி நேரம் கெடக்கும், பிரிச்சுப் பாத்தா ஜெல்லு தண்ணியா இருக்கும். அப்படி வந்தத நான் திருப்பித்தான் அனுப்புவேன். வாங்கறவங்க ஜெல் இன்னும் கெட்டியா இருக்குதான்னு தொட்டுப் பாத்து வாங்குங்க, எக்ஸ்பைரி தேதி பாருங்க, அந்தத் தேதி வரைக்கும் இத்தன கோடி உயிரோட இருக்கும்னு போட்டிருக்கா, இல்ல தயார் பண்ண அன்னைக்கு இத்தனன்னு மட்டும் போட்டிருக்கான்னும் பாருங்க. அப்புறம் சின்னக் குப்பியில தண்ணி மாதிரி வரும் பாருங்க, பேசிலஸ் க்ளாசி, குழந்தைகளுக்கு பேதிக்குக் குடுப்பாங்க, அதுக்கு ஃபிரிட்ஜ் வேணாம், ஏன்னா அது வித்து ரூபத்துல இருக்கும். கொலைட்டிஸுக்குன்னு கேட்டு அதை வாங்க வர்றவங்கள நான் டாக்டர்கிட்டயே திருப்பி அனுப்பிடுவேன்.

நகரி_பாலு

சிஸ்டர் ஒரு டவுட். ஆரோக்கியமா இருக்கறவங்க மலத்த எடுத்து நோயாளி குடலுக்குள்ள ஏத்தறாங்களாமே, யூடியூப்ல ஒருத்தர் வீட்டுலயே மிக்சில போட்டு பண்ணலாம்னு சொல்றாரு. கேக்கவே ஒரு மாதிரி இருக்கு, ஆனா வேலை செய்யுதுன்னா நான் எதுக்கும் ரெடி. அவ்ளோ நொந்துட்டேன்.

கொழிஞ்சாம்பாறை_சிஸ்டர்

பாலு அண்ணா, உங்க வேதனை புரியுது, அதனாலயே கெஞ்சிக் கேக்கறேன், வீட்டுல அதை முயற்சி பண்ணவே பண்ணாதீங்க.

இதுக்கு எஃப்எம்டின்னு பேரு. சீனாவுல நாலாம் நூற்றாண்டுலயே கடும் பேதிக்கு மலத்தக் கரைச்சுக் குடுத்த குறிப்பு இருக்கு. இப்ப இது உறுதியா நின்னுருக்கறது க்ளாஸ்ட்ரிடியம் டிஃபிசில்னு ஒரு கிருமியால திரும்பத் திரும்ப வர்ற பேதிக்கு. அமெரிக்காவுல 2022 கடைசிலயும் 2023லயும் மருந்தாவே அனுமதி குடுத்த ரெண்டும் அதுக்குத்தான், கொலைட்டிஸுக்கு இல்ல.

கொலைட்டிஸ்ல நம்பிக்கை இருக்கு, அதையும் மறைக்க மாட்டேன். கனடாவுல 2015ல 75 பேருக்கு வாராவாரம் எனிமாவா குடுத்ததுல 24 சதவீதம் பேருக்கு அடங்கிச்சு, போலி எடுத்தவங்கள்ல 5 சதவீதம். அதுல வேடிக்கை என்னன்னா குணமானவங்கள்ல பெரும்பாலானோர் ஒரே ஒரு டோனரோட மலத்த வாங்கினவங்க. அதே வருசம் நெதர்லாந்துல பண்ணினதுல பெருசா வித்தியாசமே வரல. ஆஸ்திரேலியாவுல 2019ல வந்த ஆராய்ச்சில காத்துப் படாம தயார் பண்ணி பல பேரோடத கலந்து குடுத்தாங்க, அதை வாங்கினவங்கள்ல 32 சதவீதம் பேருக்கு அடங்கிச்சு, ஒப்பிடறதுக்கு வெச்சவங்கள்ல 9 சதவீதம். குடல் கிருமில பலது காத்துப் பட்டாலே செத்துப் போகும், அதனால தயார் பண்ற விதமே ஒரு மருந்து மாதிரிதான்.

எனக்கு ரொம்பப் பெருமையா இருக்கறது டெல்லி எய்ம்ஸ் பண்ணினது, 2022ல வந்துச்சு. மிதமான கொலைட்டிஸ் இருக்கற 66 பேர், ஒரு பாதிக்கு கிராமத்து டோனர்ங்க பல பேர்கிட்ட எடுத்தத வாராவாரம் கொலனோஸ்கோப்பில ஏத்தி, கூடவே அழற்சி கொறைக்கற சாப்பாட்டு முறை, மறு பாதிக்கு வழக்கமான மருந்து நல்லா சரிபண்ணிக் குடுத்தாங்க. 8 வாரத்துல முதல் பாதில 60 சதவீதம் பேருக்கும் மறு பாதில 32.3 சதவீதம் பேருக்கும் நோய் அடங்கிச்சு. அதுக்கப்புறம் சாப்பாட்டு முறைய மட்டும் ஒரு வருசம் கிட்ட தொடர வெச்சாங்க. கிருமிய மட்டும் ஏத்திட்டு அதுக்குத் தீனி போடலன்னா அது எப்படித் தங்கும்? நம்ம ஊரு சாப்பாட்ட மனசுல வெச்சு யோசிச்ச ஆராய்ச்சின்னு இதைத்தான் சொல்லுவேன். ஆனா இது எல்லாமே யூசிக்கு, உங்க க்ரோன்ஸுக்கு இன்னும் அந்த அளவுக்கு ஆதாரம் வரல.

ஏன் வீட்டுல கூடாதுன்னா, டோனருக்கு எச்ஐவி, மஞ்சக் காமாலைல இருந்து புழு, மருந்துக்கு அடங்காத கிருமி வரைக்கும் எல்லாம் சோதிச்சுத்தான் எடுப்பாங்க. 2019ல அமெரிக்காவுல எதிர்ப்புச் சக்தி கொறஞ்ச ரெண்டு பேருக்கு, அப்படி மருந்துக்கு அடங்காத ஈ. கோலை இருக்கான்னு மட்டும் சோதிக்காத மலத்த ஏத்தி, அது ரத்தத்துல கலந்து ஒருத்தர் செத்தே போயிட்டாரு. பெரிய ஆஸ்பத்திரில நடந்ததே அப்படின்னா மிக்சில போட்டா என்னாகும்னு யோசிங்க.

ப்ரோபயாட்டிக் எடுத்தா நல்லது இல்லாட்டியும் கெட்டது இல்லன்னு நெனைக்கறவங்களுக்கும் சொல்லிடறேன். நெதர்லாந்துல கணையம் கடுமையா வீங்கினவங்களுக்கு ப்ரோபயாட்டிக் குடுத்துப் பாத்ததுல, 2008ல வந்துச்சு, குடுத்தவங்கள்ல 16 சதவீதம் பேர் எறந்தாங்க, குடுக்காதவங்கள்ல 6 சதவீதம். அது வேற நோய்தான். ஆனா கொலைட்டிஸ் உச்சத்துல இருந்து, ஸ்டீராய்டு ஓடி, கழுத்துல பெரிய ரத்தக் குழாய்க்குள்ள சென்ட்ரல் லைன்ங்கற டியூப் போட்டுப் படுத்திருக்கறவங்களுக்கு உயிரோட இருக்கற கிருமிய வீட்டுல இருந்து கொண்டு வந்து யாருக்கும் தெரியாம குடுக்காதீங்க. பாலு அண்ணா சாப்பிட்ட அந்த ஈஸ்ட் வகை லைன் வழியா ரத்தத்துல போன கேஸெல்லாம் இருக்கு.

வேலந்தாவளம்_மாமன்

சிஸ்டர், உக்காந்து இவ்வளவு எழுதினதுக்கு எப்படி நன்றி சொல்றதுன்னே தெரியலீங்க. தங்கச்சிய பக்கத்துல உக்கார வெச்சு பூராத்தையும் படிச்சுக் காட்டினேன், அந்த 720 கேப்ஸ்யூல் கணக்குல வந்து நின்னுட்டா, மாத்திரைய நிறுத்தறத விட்டுட்டா. இனி டாக்டர்கிட்ட அந்த ரெண்டு நிமிசத்துக்குள்ள என்ன கேக்கறதுன்னு மட்டும் சொல்லுங்க.

கொழிஞ்சாம்பாறை_சிஸ்டர்

நல்ல சேதி மாமா, தங்கச்சிகிட்ட நான் கேட்டதா சொல்லுங்க. ஒரு சின்னத் தாள்ல எழுதிட்டுப் போங்க: மலத்துல கால்ப்ரொடெக்டின் டெஸ்ட் எப்ப எடுக்கணும், கிரியேட்டினின் எப்ப, எனிமாவ எது வரைக்கும் போடணும், ப்ரோபயாட்டிக் சேத்தா எந்த ரகம் எவ்வளவு எத்தன வாரம், அதுக்குள்ள பலன் தெரியலன்னா நிறுத்திடலாமா. கால்ப்ரொடெக்டின்னா ஸ்கோப் போடாமயே உள்ள வீக்கம் இருக்கான்னு ஓரளவு காட்டிக் குடுக்கற டெஸ்ட். ஆங், பையனுக்கு தலைவலி மேல்வலின்னா டைக்ளோஃபினாக், ப்ரூஃபென் மாதிரி வலி மாத்திரைய கடைல வாங்கித் தர வேண்டாம், அது சில பேருக்கு நோயக் கிளப்பி விட்டுரும், பாராசிட்டமால் போதும்.

வேலந்தாவளம்_மாமன்

எழுதிக்கிட்டேங்க. பையனே போன வாரம் கிரிக்கெட் வெளையாடி மேலெல்லாம் வலின்னு கடைல ஏதோ வாங்கிப் போட்டிருக்கான், அந்த அட்டைய இப்பத்தான் எடுத்துப் பாக்கப் போறேன். வெள்ளிக்கெழமை ஓபி இருக்குது, ரிப்போர்ட் கைக்கு வந்ததும் இங்கயே போடறேன்.